உம்மா கதிரையில் தொழவில்லை

"உங்கட வேனத் தாங்க. உம்மாவ இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

என்னைப் பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் நஸீறா மாமியிடம்தான் கேட்டேன். உம்மாவின் முழங்காலைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் மூச்சு விடக்கூடாது என்று உம்மாவின் தம்பி சாலிஹ் மாமா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். காத்தான்குடியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். நோயாளி மாமியார் இருக்கும் வீட்டுக்கு எவன் வருவான் என்பது மாமாவின் கணக்கு. உம்மா பிடித்து நடக்கும் வாக்கரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியதும் அவர்தான். நான் எதிர்த்தபோது, "கெம்பஸ் முடிச்ச வாய இண்டைக்கு மட்டும் கொஞ்சம் பூட்டி வை, புள்ள" என்றார்.

உம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான். வார்டில் தாதி மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: காயம் சூடானால், சிவந்தால், உடனே வந்துவிட வேண்டும், கிருமி உள்ளே இறங்கினால் வைத்த மூட்டையே கழற்ற வேண்டி வரும். அன்றிலிருந்து உம்மா இருமினாலும் என் கண் அந்தக் காலுக்குத்தான் போகும்.

காலையில் உம்மாவுக்குச் சாரி உடுத்திவிடும்போது என் கை முழங்காலில் பட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போல் கொதித்தது. பனடோல் மாத்திரை போட்டுப் போட்டுக் காய்ச்சலை என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்.

"அவங்க போகட்டும், மகள். அதுக்குப் புறகு எங்க வேணுமெண்டாலும் கூட்டிப் போ."

வந்தவர்கள் போகிற மாதிரித் தெரியவில்லை. தேநீர் கொண்டுபோனேன். தலை நிமிராமல் உம்மாவின் முழங்காலையே பார்த்தேன். வெட்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தார். அவர் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். பெண்கள் எல்லாரும் ஒன்றாகத் தொழுவோம் என்றார் நஸீறா மாமி. முடியாதவர் கதிரையில் உட்கார்ந்து தொழலாம். மார்க்கம் இடம் தந்திருக்கிறது. ஆனால் கதிரையை இழுத்தால் கேள்வி வரும். உம்மா தொழுகை விரிப்பான முஸல்லாவை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பேசாதே என்கிற பார்வை.

நான் பின்னால் நின்றேன். ஓதியது எதுவும் நினைவில்லை. சுஜூதுக்கு எல்லாரும் நெற்றியை நிலத்தில் வைக்கக் குனிய, உம்மா கையை ஊன்றிச் சரிந்து சரிந்து இறங்கினார். சின்னதாக ஒரு முனகல். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். உம்மாவின் நெற்றி மட்டும் நிலத்திலேயே கிடந்தது.

தொழுகையை முறித்துக்கொண்டு ஓடினேன். புரட்டிப் படுக்க வைத்துச் சாரியை விலக்கினால், தையல் வாய் பிளந்து இரத்தமும் சீழும் வடிந்தன. வலியில் உம்மாவின் பற்கள் கிட்டிப்போயிருந்தன. கால் மடங்காது, ஆட்டோவில் ஏற்ற முடியாது. நஸீறா மாமி ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பிய நிமிஷத்தில்தான் நான் வேனைக் கேட்டேன்.

அவர் காயத்தைப் பார்த்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இவவும் இந்த ஊட்டிலதான் இருப்பாவா?"

"இது அவட ஊடு மாமி. உங்கட மகன் வரத் தேவல்ல."

உம்மா கையை நீட்டினார், என் வாயைப் பொத்தப் போவது போல. அந்தக் கையையே பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். கட்டிலுக்குக் கீழிருந்து வாக்கரை இழுத்து அவர் முன்னால் வைத்தேன். முற்றத்து மணலில் அதன் கால்கள் புதைந்தன. பள்ளியிலிருந்து வந்த மாமா வாசல் கேற்றை மறித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்து விலகினார்.

பள்ளியிலிருந்து திரும்பியிருந்த சாரதியிடம் ஆஸ்பத்திரி என்று சொல்லி, அவர்களின் வேன் கதவை நானே இழுத்துத் திறந்தேன். என் தோளில் உம்மா கொதித்துக்கொண்டிருந்தார்.