காதோடு சொன்னது

நார்த்மீட் மண்டபத்துக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், தர்சினி லட்டுகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே மேடையில் அவளுடைய ஒரே மகள் நிரூபாவுக்குக் கலியாணம் நடந்துகொண்டிருந்தது.

“தாரை வார்க்கிற நேரம் நீங்கள் இஞ்சயே நில்லுங்கோ மச்சாள். நானும் இவரும் செய்யிறம்,” என்று செத்துப்போன கணவனின் அக்கா நாகேஸ்வரி காலையிலேயே சொல்லிவிட்டாள். தர்சினி “ஓம்” என்றாள். ஆனால், பெற்ற பிள்ளையின் கையைத் தானே பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

குசினி யன்னலால் மேடை தெரிந்தது. மாப்பிள்ளை கிரணின் பெரியப்பா கௌரிசங்கர் மைக்குடன் நின்றார். தெலுங்குக் கவிஞர். சென்னையில் இருந்தபோது தமிழ் படித்து, தமிழ்க் கவிதைகளைத் தெலுங்குக்குக் கொண்டுபோனவர். விதவைத் தங்கைக்கு மறுமணம் செய்துவைத்தாரென்று கோதாவரிக் கரையிலிருந்த அவருடைய ஊர் அவரை ஒதுக்கிவைத்தது. அந்தக் கலியாணத்துக்குச் சமைக்கக்கூட ஆள் வரவில்லை. தானே அடுப்பு மூட்டிப் பந்தி பரிமாறினாராம். அதற்குப் பிறகும் ஓயாமல் எத்தனையோ பெண்களுக்கு வாழ்வு அமைத்துக் கொடுத்தார். கிரண் இதைச் சொன்ன நாளிலிருந்து தர்சினி அவரைக் கோயில் தேரைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்றே பார்ப்பாள். வாய் திறக்க வராது.

அன்று இரு வீட்டாருக்கும் இரு மொழியிலும் சடங்குகளை விளக்குவது அவர் பொறுப்பு. மாப்பிள்ளையின் தாய் தெலுங்கில் ஏதோ கேட்டாள்.

“பொண்ணோட அம்மா எங்கேன்னு கேக்கறாங்க,” என்றார் கௌரிசங்கர்.

நாகேஸ்வரி அவர் காதருகே குனிந்தாள். “அவ புருசன் இல்லாதவ ஐயா. மேடைக்கு வரக்கூடாது. சுகமில்லை எண்டு சொல்லிவிடுங்கோ.”

“மொழிபெயர்க்கறவன்மா நான். சொன்னதத்தான் சொல்லுவேன்.”

மைக்கை உயர்த்தினார். முதலில் தெலுங்கில், பிறகு தமிழில்: “புருஷன் இல்லாததால பெத்த தாய் மேடைக்கு வரக்கூடாதுன்னு இவங்க சொல்றாங்க.”

தர்சினி லட்டுப் பெட்டியை விட்டுவிட்டு யன்னலுக்கு ஓடினாள். இத்தனை வருடமும் அவள் முதுகுக்குப் பின்னால் சனம் முணுமுணுத்ததை ஒரு மனுசன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டார்!

நிரூபா மாலையோடு எழுந்தாள். “மாமி, நீங்களா சொன்னனீங்கள்? அம்மா வராமல் நான் கை நீட்ட மாட்டன்.”

நாகேஸ்வரி மேடையை விட்டு இறங்கினாள். குசினிக்கு வந்து, சேலைத் தலைப்பால் தர்சினியின் நெய்க் கையைத் துடைத்தாள். “வாங்கோ மச்சாள்.”

“சனம் என்ன சொல்லும்?”

“சொல்லட்டும். காதுக்குள்ள சொல்லேக்க எனக்குச் சரியாத்தான் இருந்தது. எல்லாரும் கேட்க அவர் சொல்லேக்கதான் வெக்கமாப் போச்சு. பெத்த பிள்ளைக்கு முன்னால சத்தமாச் சொல்ல ஏலாத ஒண்டை, சம்பிரதாயம் எண்டு சொல்லி ஒரு தாய்க்குச் செய்யக்கூடாது.”