நாலாவது ஆத்து மொளகூட்டல்

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்தில் ஹரிஷங்கர் நடத்தும் உணவு நடைக்கு 'ருசி யாத்திரை' என்று பெயர். கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் நடப்பார்கள். நாலு வீடுகளில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஹரிஷங்கர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சரித்திரம் சொல்வான். குரலைத் தாழ்த்தினால் சரித்திரத்துக்கு வயது கூடும் என்பது அவன் கண்டுபிடிப்பு.

நாலு வீட்டிலும் மொளகூட்டல்தான். பருப்பும் காயும் வெந்ததில் தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்ட குழம்பு. நாலு வீட்டுக்கும் அது பக்கத்து ஒலவக்கோட்டில் ஈஸ்வரமூர்த்தியின் கேட்டரிங் கொட்டகையிலிருந்து, ஒரே அண்டாவிலிருந்து, ஒரே ஆட்டோவில் வந்தது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததைச் சொல்லாமலிருப்பதும் பாரம்பரியம்தானே.

நாலாவது வீட்டுக்காரர் முத்துசுவாமி, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சேஷம்மாளும் அதே நாளில் ஓய்வு பெற்றுவிட்டாள். "ரிடயர்மென்ட் உங்களுக்கு மாத்ரம்தானா? நானும் அடுப்பை ஹாண்டோவர் பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிறு சாதாரண ஞாயிறு அல்ல. பெங்களூரிலிருந்து ஜானவி என்ற உணவு எழுத்தாளர் வருகிறாள். நாலு வீட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 'ஆதிப் பாகம்', அதாவது மூலச் சமையல், என்று பொறித்த பித்தளைப் பலகையை வாசலில் மாட்டப்போகிறாள். இரண்டாவது வீட்டுக்காரரான எதிர்வாசல் ராமசேஷன், அதற்காக முன்கூட்டியே ஆணி அடித்து வைத்திருந்தார். அந்த ஆணி முத்துசுவாமியின் நெஞ்சில் இறங்கியிருந்தது.

"அவனாத்துலே மாட்டினா நான் இந்தத் தெருவிலே நடக்கறதில்லை, கேட்டியா?"

"அப்போ மாடிலே நடங்கோ. டாக்டர் நடக்கத்தானே சொன்னார், எங்கேன்னு சொல்லலியே" என்றாள் சேஷம்மாள்.

ஜானவி வந்தாள். கண்ணை மூடிச் சுவைத்தாள். முதல் வீட்டில், "துறைமுக வாணிபத்தோட சாயல் தெரியுது." ராமசேஷன் வீட்டில், "இதுல தஞ்சாவூர் ஞாபகம் இருக்கு." மூன்றாவது வீட்டில், "சீரகம் கொஞ்சம் தயங்குது." ஹரிஷங்கர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நூற்றாண்டை ஒதுக்கிக் கொடுத்தான். இத்தனை ஊர் சுற்றியது அந்த அண்டாவுக்கே தெரியாது.

நாலாவது வீட்டுக்கு வருவதற்குள் கூட்டம் பெருத்துவிட்டது. கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், இலை போட்டிருப்பதைக் கண்டு, சரித்திரத்தில் ஆர்வம் கொண்டு சேர்ந்துகொண்டது. சேஷம்மாள் குழம்பு வந்த தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அடியிலேதான் இருக்கு. பத்தாது."

"மானம் போறதேடி! என்னவாவது பண்ணேன்!"

பண்ணினாள். ஒரு செம்பு வெந்நீர், கொஞ்சம் உப்பு. ஓய்வுக்குப் பிறகு அவள் செய்த முதல் சமையல் அதுதான்.

ஜானவி ஒரு வாய் எடுத்தாள். நிறுத்தினாள். முத்துசுவாமியும் மூச்சை நிறுத்தினார்.

"இதுல ஒரு மௌனம் இருக்கு" என்றாள் ஜானவி. "மத்த வீடுகள்ல ருசி கத்துது. இது ஆடம்பரமே இல்லாம... இதுதான் ஒரிஜினல். மத்ததெல்லாம் பின்னாடி வந்தது."

"பஞ்ச காலத்துப் பாகமாக்கும்" என்றான் ஹரிஷங்கர், குரலை அதலபாதாளத்துக்கு இறக்கி.

பலகை மாட்டப்பட்டது. எதிர்வாசல் ஆணியில் அன்று மாலை ஒரு குடை தொங்கியது.

மறுநாளே ராமசேஷன் ஈஸ்வரமூர்த்திக்குப் போன் செய்தார். "ஓய், முத்துசுவாமியாத்துக்கு மாத்ரம் என்ன விசேஷமா அனுப்பினீர்? எனக்கும் அதே பாகம் வேணும்." மற்ற இரண்டு வீடுகளும் அதையே கேட்டன. ஒன்றும் புரியாத ஈஸ்வரமூர்த்தி முத்துசுவாமியையே கூப்பிட்டார்.

"ஏனுங்க சாமி, எல்லாத்துக்கும் ஒரே அண்டாதானுங்க. உங்கூட்டுல மட்டும் என்னத்தப் போட்டீங்க?"

முத்துசுவாமி மழுப்புவதற்குள் சேஷம்மாள் போனைப் பிடுங்கி உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"தண்ணியுங்களா?" மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அட, இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா எத்தன தேங்கா மிச்சமாயிருக்குமுங்க!"

அடுத்த ஞாயிறு அண்டாவே நீர்த்து வந்தது. மூன்று வீடுகளும் அப்படியே பரிமாறின. முத்துசுவாமிக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாராத்துலேயும் நம்ம பாகம் வந்தாச்சுன்னா பலகைக்கு என்ன மதிப்பு? இன்னும் ஒரு செம்பு விடு."

விட்டாள். இலையில் ஊற்றியது சோற்றில் நிற்காமல், இலையைத் தாண்டி, விருந்தினர் மடியை நோக்கி ஓடியது. எல்லோரும் ஹரிஷங்கரைப் பார்த்தார்கள். அவன் தடுமாறவில்லை.

"டம்ளர்லே தரணும். ஆதி வழக்கத்துலே இதைக் குடிக்கறதாக்கும். ஆத்துக்காரர் முதல்லே குடிச்சுக் காட்டுவார்."

எதிர்வாசலில் ராமசேஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பலகை தலைக்கு மேல் பளபளத்தது. முத்துசுவாமி டம்ளரை உயர்த்தி, கண்ணை மூடி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு "ஆஹா!" என்றார்.

சேஷம்மாள் உள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"உப்பு போட மறந்துட்டேன். மௌனம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், கேட்டேளா?"