தம்புராட்டி சாகாத ஞாயிறு

மூன்று மணிக்குத்தான் வருவார்கள் என்று தெரிந்தும், டெல்சி இரண்டு மணிக்கே சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பென்சில்களைச் சீவி, மாதா கோயில் காலண்டரின் அட்டையை மூன்றாக மடக்கித் தன் நாற்காலிக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். அட்டைக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் ஆடுகிறவர்கள். குவைத்தில் ஹோம் நர்ஸாக இருந்தபோது, வெள்ளிக்கிழமை லீவுகளில் பிலிப்பைன்ஸ்காரிகள் சொல்லிக்கொடுத்த விளையாட்டு அது. ஒருத்தி கதை சொல்லுவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராக அந்தக் கதைக்குள் இறங்கி, வாளை ஓங்குகிறேன், கதவை உடைக்கிறேன் என்று வாயால் சொல்லுவார்கள். ஓங்கிய வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். எதிரிகளுக்கான பகடையைக் கதை சொல்கிறவளே அட்டைக்குப் பின்னால் யாருக்கும் காட்டாமல் உருட்டுவாள். நாற்பத்துமூன்று வயதில் இதென்ன கூத்து என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள்.

கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் கூடவே விசாவும் வந்தது, விசாதான் ஜெயித்தது. ஊருக்குத் திரும்பியபோது அப்பனும் அம்மையும் இல்லை. புதுக்கடையிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ரோட்டில் அவள் கட்டிப்போட்ட மாடிவீடு மட்டும் இருந்தது. அதில் மனுஷக் குரல் கேட்பது ஞாயிற்றுக்கிழமை மூன்று முதல் ஆறு வரைக்கும்தான். பக்கத்து வீட்டு சிஜோ, போட் எஞ்சின் மெக்கானிக். அஸ்வதி, புதுக்கடையில் மெடிக்கல் ஸ்டோரில் நிற்கிறவள். பிரபின் என்று ஒருவனும் இருந்தான், ஜனவரியில் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டான். அவன் நாற்காலியில் இப்போது தண்ணீர் ஜக் இருக்கிறது.

முதலில் அவள் உண்டாக்கிய வில்லன்கள் ஒருத்தனும் உருப்படவில்லை. மண்டையோட்டு மந்திரவாதி இரண்டு வாரத்தில் செத்தான். ரத்தம் குடிக்கிற தளபதி ஒரே வாரம். "டெல்சியக்கா, உனக்க வில்லனுவளுக்கு சிரிக்கத் தவிர வேற சோலி இல்லியா?" என்று சிஜோ கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்றது. செத்தவனுக்காக யாராவது அடுத்த வாரம் வருவார்களா? உயிரோடிருந்து ஆட்டிப்படைக்கிற ஒருத்தன் வேண்டும். நெஞ்சில் முள்ளாகத் தைக்கிற ஒருத்தன் வேண்டும். நாலு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள், குவைத்தில் அவள் பார்த்துக்கொண்ட மேடத்தின் முகம் வந்து நின்றது.

மேடம் கெட்டவள் இல்லை, அதுதான் சங்கடம். டெல்சியின் பிறந்தநாளை அவள் ஒரு வருஷமும் மறந்ததில்லை. யூனிபார்ம் தையல் விட்டால், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே தைத்துக் கொடுப்பாள். ஆனால் டெல்சியின் பாஸ்போர்ட் அவளுடைய அலமாரிக்குள் இருந்தது. அப்பன் செத்த சேதி வந்த அன்று, மேடம் டெல்சியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். பாஸ்போர்ட்டைக் கேட்டதும் எழுந்துபோய் அலமாரியைப் பூட்டினாள். நீ போனால் திரும்பி வரமாட்டாய், எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்றாள். அப்பனைக் குழியில் இறக்கியதை டெல்சி போனில்தான் பார்த்தாள். மேடம் செத்த பிறகுதான் ஊருக்கு வர முடிந்தது.

அப்படிப் பிறந்தவள்தான் தம்புராட்டி. கப்பல்கள் உடைந்து ஒதுங்குகிற தீவுக்கு ராணி. கரையில் கிடக்கிறவர்களை எடுத்து, காயத்துக்கு மருந்து போட்டு, கஞ்சி ஊற்றுவாள். படகையும் செப்பனிட்டுக் கொடுப்பாள். சுக்கானை மட்டும் கழற்றித் தன் அறையில் பூட்டிவைத்துக்கொள்வாள். சுக்கான் இல்லாத படகு எங்கே போகும்? அவளைச் சொல்லி முடித்த அன்று சிஜோ பென்சிலைக் கீழே வைத்தான். "இவள எப்பிடிக்கா வெட்டது? நமக்குக் கஞ்சி தந்தவளாக்கும்" என்றாள் அஸ்வதி. டெல்சிக்கு உள்ளுக்குள் தேன் குடித்தது போல இருந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் வந்தார்கள், தம்புராட்டியிடமிருந்து சுக்கானை மீட்க.

பிறகு சிஜோவுக்கு ஓமன் விசா வந்தது. அஸ்வதிக்குப் பாலக்காட்டில் மாப்பிள்ளை நிச்சயமானது. போவதற்குள் தம்புராட்டியை முடித்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் மும்முரமானார்கள். அஸ்வதி ஆளைக் கல்லாக்கும் மந்திரத்தை ஏவினாள். பதினெட்டோ அதற்கு மேலோ விழுந்தால்தான் தம்புராட்டி தப்ப முடியும். டெல்சி அட்டைக்குப் பின்னால் உருட்டினாள், நாலு விழுந்தது. "பத்தொம்பது" என்றாள். அடுத்த வாரம் பதினொன்று விழுந்தது. அதற்கடுத்த வாரம் ஏழு. மூன்று வாரமும் வாய் கூசாமல் பொய் சொன்னாள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். சாமியாருக்கு முதலில் ஆட்டத்தை விளக்கவேண்டுமே என்று விட்டுவிட்டாள்.

இன்று மூன்றே காலுக்கு வந்தார்கள். சிஜோவுக்கு வியாழக்கிழமை விமானம். அஸ்வதியின் கையில் கல்யாணக் கடிதம். மரச்சீனியும் சாளைக்கறியும் தின்று, கட்டன்சாயா குடித்து, தீவின் கோட்டைக்குள் புகுந்து ஒரு மணிநேரம் சண்டை போட்டு, தம்புராட்டியின் அறைவாசலுக்கு வந்தாயிற்று. இருவருக்கும் நல்ல காயம். அஸ்வதி மந்திரத்தை ஏவினாள். டெல்சி பகடையைக் கையில் எடுத்தாள்.

"அக்கா," என்றாள் அஸ்வதி, பென்சிலைப் பார்த்துக்கொண்டு. "இன்னைக்கு அட்டைய எடுத்துருங்களேன்."

டெல்சி சிஜோவைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். "முந்தின மாசம் தண்ணி எடுக்க உனக்க பின்னால வந்தேம்லா. நாலு கிடந்து. நீ பத்தொம்பதுன்னு சொன்ன."

"பின்ன ஏம்ல அன்னைக்கே சொல்லல்ல?"

"சொன்னா ஆட்டம் தீந்துரும்லாக்கா."

அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. ஏமாற்றியது பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம். தெரிந்தே மூன்று வாரம் ஏமாந்துகொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார்களே என்பது இன்னொரு பக்கம். அழுதுவிடக் கூடாது என்று அட்டையை எடுத்துத் தரையில் போட்டாள். அட்டை இல்லாத மேசை என்னவோ மாதிரி இருந்தது. தம்புராட்டி இன்றைக்குச் சாகட்டும், போகிற பிள்ளைகள் ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று மனதாரத்தான் உருட்டினாள். பகடை மீன்சட்டியில் முட்டி, திரும்பி, சிஜோவின் முழங்கைப் பக்கத்தில் நின்றது.

பத்தொன்பது.

அஸ்வதி குனிந்து பார்த்தாள், சிஜோவும் பார்த்தான், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பத்தொன்பதுதான்.

"ஒருக்கா கூட உருட்டுக்கா," என்றான் சிஜோ.

"வேண்டாம் மக்கா. விழுந்தது விழுந்ததுதான்."

"சும்மா சுக்கானத் தந்து விட்டுருவாளா அவ?"

டெல்சி யோசித்தாள். தருவாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் மேடத்தை ஒன்பது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். "தரமாட்டா," என்றாள். சிஜோ சிரித்து, "நல்ல வில்லி கேட்டியா. இவதான் வில்லி," என்று எழுந்தான். மணி ஆறாகியிருந்தது, வெளியே அஸ்வதியின் அண்ணன் பைக்கில் ஹாரன் அடித்தான். அஸ்வதி தன் வீராங்கனையைப் பற்றி எழுதிவைத்த தாளை, எட்டு மாதமாக அழித்து அழித்து மெலிந்துபோன தாளை, மடித்துக் கைப்பையில் வைக்கப் போனாள்.

"அது இஞ்ச இருக்கட்டு பிள்ளே," என்று டெல்சி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "தம்புராட்டி உங்கள விடல்லியே. பின்ன எப்பிடிக் கொண்டு போவ?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அஸ்வதியும் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். ஆனால் கொடுக்கும்முன் ஒரு நொடி அந்தப் பெண் தாளை விடவில்லை, டெல்சியும் விடவில்லை. சிஜோவும் தன் தாளை மேசையிலேயே வைத்தான். "ரெண்டு வருசம் கழிஞ்சு வந்து தீக்கேன்," என்றான். அவன் தோளில் தட்டினாள். அஸ்வதியின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, இந்துப் பிள்ளைக்குப் போடலாமோ என்று பிறகுதான் நினைத்தாள். வாசல்வரை போய்க் கை காட்டினாள். பைக் வளைவில் மறைந்தது. சிஜோ பக்கத்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான், உள்ளே பெட்டி கட்டுகிற டேப்பைப் பிய்க்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து இரண்டு தாள்களையும் ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி திரும்பிய சத்தத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடம் அலமாரியைப் பூட்டும்போதெல்லாம் தனக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கிறது என்று நினைத்தாள். முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சனியன் பிடித்தவள், பாவம் பிடித்தவள் என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

வெளிச்சம் மங்கி, கோயில் மணி அடித்தது. அவள் மறுபடி பீரோவைத் திறந்து தாள்களை மேசைக்குக் கொண்டுவந்தாள். காயம்பட்ட வீரர்கள் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் இழந்த உயிரெல்லாம் திரும்பிவரும் என்பது ஆட்டத்தின் சட்டம். அஸ்வதியின் தாளில் உயிர் என்ற கட்டத்தில் ஏழு என்றிருந்தது. சிஜோவுடையதில் மூன்று. டெல்சி ரப்பரை எடுத்து, தாள் கிழிந்துவிடாமல், புண்ணைத் துடைக்கிற பதத்தில் மெதுவாக அழித்தாள். ஊதித் தட்டிவிட்டு, விளக்கைப் போட எழுந்திருக்காமல், கிட்டே குனிந்து முழு உயிருக்கான எண்ணை எழுதத் தொடங்கினாள்.