வாயு மூலைக் காற்றாலை

சிட்லபாக்கத்தில் எட்மண்டின் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் அனைவரும் மொட்டைமாடி வரை ஏறி, பின் விலையைக் குறைத்தே கேட்டார்கள். பக்கத்து வீட்டு பத்ரி மின்சாரத்துக்காகத் தம் மாடியில் நிறுத்தியிருந்த சிறு காற்றாலையின் இரைச்சலே அதற்குக் காரணம். எட்மண்ட் அசரவில்லை. கோயம்புத்தூரில் மகள் வீட்டருகே குடியேறுவதற்கு இவ்வீட்டின் முழு விலையும் அவருக்கு வந்தாக வேண்டும். ஆகவே பத்ரியோடு சண்டையிட்டு, ஞாயிறன்று காற்றாலையைக் கழற்றச் சம்மதமும் பெற்றுவிட்டார்.

சனிக்கிழமையே ஸ்ரீரங்கன் என்பவர் மனைவி காமுவுடன் வீடு பார்க்க வந்துவிட்டார்.

தரகர் பிரிட்டோ கிசுகிசுத்தார்: “சார், காத்து அடிக்குது, அது சுத்துது. மாடி வேணாம், ஹாலோட அனுப்பிடலாம்.”

“மறைச்சு விக்கிற பழக்கம் எனக்கு இல்ல. வாங்க மேல!”

மாடியில் காமு கைபேசியில் திசை பார்த்தார், மறுகணமே கூவினார். “ஏன்னா, வாயு மூலை!”

எட்மண்ட் வயிற்றைத் தடவிக்கொண்டார். “வாயுவா? காலைல ரெண்டு இட்லிதானேம்மா சாப்பிட்டேன்!”

ஸ்ரீரங்கன் குலுங்கிச் சிரித்தார். “வடமேற்கு சார். வாஸ்துல அது வாயு பகவானோட மூலை. அங்கயே காத்தாடி சுத்தறதே! நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறோம். ஆனா இது இங்கயே இருக்கணும்.”

“அதை நாளைக்குக் கழட்டுறாங்க சார். நான்தான் சண்டை போட்டேன்,” என்றார் எட்மண்ட், ஒளிவுமறைவின்றி.

காமுவின் முகம் சுருங்கியது. “அப்போ யோசிக்கணும்.”

“யோசனையே வேணாம்மா. ஒரு நிமிஷம்.” எட்மண்ட் கைப்பிடிச் சுவரோரம் நிமிர்ந்து நின்று, “பத்ரி!” என்று குரல் கொடுத்தார்.

பக்கத்து மாடியில் பத்ரி கையில் ஸ்பேனருடன் வந்து நின்றார். “இன்னா சார், நாளை வரைக்கும் பொறுக்க முடியலையா?”

“அதைக் கழட்டாதீங்க. அங்கயே இருக்கட்டும்.”

“தூக்கம் போச்சு, வூட்டு விலை போச்சுன்னு தெருவே கேக்கக் கத்துனீங்களே!”

“போன விலை திரும்பி வந்து நிக்குது. இருக்குமா, இருக்காதா?”

“எனக்கு இன்னா கசக்குதா? நான் வாழ்ற வரைக்கும் இருக்கும். ஆனா கத்துன வாயாலயே சொல்லுங்க, என் காத்தாடியாலதான் உங்க வூட்டுக்கு மதிப்புன்னு.”

எட்மண்ட் தயங்கவில்லை. தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்கும் கணீர்க் குரலில், தெருக்கோடி வரை எட்டும்படி அதைச் சொன்னார்.

காமு கணவரின் முழங்கையை இடித்தார். “கேட்டேளா? ஓனரே ஒத்துண்டுட்டார். இன்னிக்கே பேசி முடிங்கோ, வேற யாராவது கொத்திண்டு போயிடப் போறா!”