நாவடக்கம், திருத்திய பதிப்பு

நேசமணிக்குக் கேசட் பிடிக்காது. கரமனைத் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் நூலக அறையை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்து வருகிறார். வருகிறவர்களில் பாதிப் பேர் மின்விசிறிக்காக வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். சாலைக் கடைத்தெருவில் ரேடியோக் கடை வைத்திருக்கும் சபைச் செயலாளர் வன்னியராஜுக்கும் தெரியும். அறையைக் காலி செய்து ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்க அவருக்கு ஆசை. 1999 ஜூலைக் கமிட்டியில் முடிவானது இதுதான்: நூலகத்தில் கேசட்டும் வைப்பது. மாதக் கடைசிக்குள் பத்துப் பேர் கேசட் எடுத்தால் அறை நேசமணிக்கு. இல்லையென்றால் சாவி வன்னியராஜுக்கு.

புத்தகத்துக்குச் செய்வதையெல்லாம் நேசமணி கேசட்டுக்கும் செய்தார். முத்திரை குத்தினார். முதுகில் எண் எழுதிய சீட்டை ஒட்டி, மேலே செலோடேப் சுற்றினார். புத்தகம் திரும்பி வந்தால் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். கேசட்டை முழுக்கக் கேட்டுத்தான் வாங்கினார். ஒரு மணி நேரம், கொண்டு வந்தவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் நான்கு பேர்தான் எடுத்தார்கள்.

நான்காவது ஆள் எலிசாள். எடுத்தது பதினான்காம் எண், போதகரின் ‘நாவடக்கம்’ பிரசங்கம். ஞாயிறு ஆராதனை முடிந்து அவள் அதைத் திருப்பிக் கொண்டு வந்தபோது, மின்விசிறிக்குக் கீழே வன்னியராஜையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

“ஒரு கேடும் வரல்ல சாரே. கேக்கணுமா?”

“கேக்கணும்.”

கேசட்டில் போதகர் நாவின் கேட்டைப் பத்து நிமிடம் விளக்கினார். டக்கென்று ஒரு சத்தம். பிறகு கடுகு வெடித்தது. பிறகு எலிசாளின் குரல்.

“...நேசமணி சாரு கேசட்டுக்கும் சட்ட தச்சுப் போட்டிருக்காரு சுசீலா. மோட்சத்துக்குப் போனாலும் வாசல்ல மேசயப் போட்டு, கார்டு கொண்டாந்தியான்னு கேப்பாரு. செக்ரட்டரி கத அதுக்கும் மேல. அவரு...”

நேசமணி நிறுத்தினார். அறையில் எழுந்த சிரிப்பை அவரால் நிறுத்த முடியவில்லை.

“பக்கத்துல உள்ள செவப்புப் பட்டனும் சேந்து அமுங்கிருக்கும்,” என்றாள் எலிசாள். முகம் வெளிறியிருந்தது. “அழிச்சிருங்க சாரே.”

வன்னியராஜ் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். “மேல பதியாம இருக்கத்தான் முதுகுல ரெண்டு ஓட்ட இருக்கு. நீரு சீட்டு ஒட்டி அடச்சிருக்கீரு. பின்ன பதியாம என்ன செய்யும்? கெட்டுப்போனத நீக்கணும், உம்ம சட்டமாக்கும் ஓய்.”

“நீக்காண்டாம்,” என்றாள் கேசட்டில் பேர் வந்த சுசீலாபாய். “எம் பேருல எழுதுங்க சாரே, நான் கொண்டு போறேன். நான் என்ன பதில் சொன்னேன்னு மறந்து போச்சு.” அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு கை உயர்ந்தது.

நேசமணி அலமாரியைப் பார்த்தார். பிறகு எலிசாளை. “எழுதட்டா?”

“உங்களுக்கே நாணமில்லன்னா எனக்கென்ன? எம் பேரு மட்டும் வேண்டாம்.”

பதிவேட்டில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார்: ‘நாவடக்கம், திருத்திய பதிப்பு. போதகர் மற்றும் ஒருவர்.’ ஆளுக்கு ஒரு நாள். ஐந்து பேர் எடுத்தார்கள், ஐந்து பேரும் திருப்பினார்கள். ஐந்து தடவையும் தன்னைப் பற்றிய கேலியை நேசமணி முழுக்கக் கேட்டார். விதி விதிதான்.

மாதக் கடைசி, சனிக்கிழமை. வன்னியராஜ் வந்து பதிவேட்டை எண்ணினார். “ஒம்பது. சாவியத் தாரும்.”

நேசமணி சாவியை மேசைமேல் வைத்தார். வன்னியராஜ் அதை எடுக்கவில்லை.

“அதுல என்னப் பத்தி என்னமோ வருதாமே.”

“வருது.”

“என்ன வருது?”

“லைப்ரரியில உள்ளத வாயால சொல்லுக வழக்கம் இல்ல. எடுத்துட்டுப் போயிக் கேளும்.”

“ஒரு நிமிஷம் போட்டுக் காட்டும்.”

“திருப்பிக் கொண்டாரும்போதுதான் போடுவேன்.”

வன்னியராஜ் சாவியைப் பார்த்தார், கேசட்டைப் பார்த்தார். பிறகு பேனா கேட்டார்.

பத்தாவது வரியில் கையெழுத்து விழுந்ததும் நேசமணி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கேசட்டின் முதுகிலிருந்த சீட்டை நகத்தால் உரித்தார். இரண்டு ஓட்டையும் திறந்தன; இனி மேலே பதியாது. ஓட்டையை மறுபடி அடைத்து அழிக்க ரேடியோக் கடைக்காரருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

“நாளைக்குக் கொண்டாரணும்,” என்றார். “முழுசாக் கேட்டுத்தான் வாங்குவேன்.”