கொட்டாவிக் காசு

அண்ணனின் இடது கை நகங்களைச் சதையோடு ஒட்டி வெட்டிவிட்டு, வலது கையைத் தன் மடிக்கு இழுத்தாள். அவர் முனகினார். அவள் நகவெட்டியை நிறுத்தினாள். அண்ணி பக்கத்தில் இருந்ததால்தான் நிறுத்தினாள்.

இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணி ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, "பாத்துக்கோ பாப்பா. காப்பி வாங்கிட்டு வந்துடறேன்" என்று கீழே போனாள். அறுபத்தோரு வயதிலும் அந்தக் குடும்பத்தில் அவள் பாப்பாதான்.

கதவு மூடியது. ஒன்பது வருடமாகச் சாமி முன்னால் கைகூப்பி அவள் கேட்டது இது ஒன்றுதான்: அண்ணனோடு தனியாகப் பத்து நிமிடம். அப்போது அவருக்குக் காது கேட்க வேண்டும்.

பஸ் நிலைய டிக்கெட் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவள் அவள். காசுக்கு ஜனங்கள் வைத்த பட்டப்பெயர்களை, வரிசையில் நின்றவர்களிடம் கேட்டுக் கேட்டு அட்டைகளில் எழுதி வைத்தாள். துட்டு என்பது கப்பலில் வந்த வெளிநாட்டு வியாபாரிகளின் செம்புக்காசு. அதுதான் முதல் அட்டை. கல்லூரி வாத்தியாரான அண்ணன், சரிபார்த்துத் தருகிறேன் என்று ஒரு பெட்டி அட்டைகளை வாங்கிப் போனார். அது அவர் பெயரில் கட்டுரையாக வந்தது. இரண்டாவது பெட்டியைக் கேட்டபோது அவள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள், ஒரு பொய்யையும் உள்ளே வைத்து.

கொட்டாவி. கூட்டமில்லாத ஒரு மதியத்தில் அவளே கட்டிவிட்ட பெயர். தேய்ந்துபோன சின்ன வெள்ளிக் காசில் ராஜாவின் வாய் பிளந்தாற்போல் தெரியும், அதனால் அந்தப் பெயர் என்று எழுதினாள். ஒன்பது வருடத்துக்கு முன் வந்த அண்ணனின் புத்தகத்தில் அதற்கு மட்டும் இரண்டு பக்கம். அந்தக் காசைத் தானே கையில் வாங்கிப் பார்த்ததாக வேறு எழுதியிருந்தார். முன்னுரையில் தட்டச்சு செய்தவருக்குக்கூட நன்றி இருந்தது.

அவள் அவர் காதருகே குனிந்தாள். "அண்ணா. அந்தக் கொட்டாவி இருக்கே..."

கதவு திறந்தது. விரிப்பு மாற்றுகிற பெண் உள்ளே வந்து, கட்டிலை உயர்த்தும் பிடியைச் சுற்றிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"ஒரு கொட்டாவிக்குப் பெறாதும்மா இந்தக் கட்டிலு," என்றாள்.

அண்ணன் காதருகிலிருந்து அவள் நிமிர்ந்தாள். "என்ன சொன்னே?"

"கொட்டாவிம்மா. அந்தக் காலத்துக் காசு. ராஜா வாயப் பொளந்துட்டு இருப்பாரு."

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? எங்க பக்கம் எல்லாரும் சொல்றதுதான். எங்க தாத்தாவே ஒண்ணு வச்சிருந்தாரு. சின்னப் புள்ளையில நான் தொட்டுப் பாத்திருக்கேன்."

அந்தப் பெண்ணின் முகத்தில் பொய் இல்லை. அண்ணனைப் பக்குவமாகப் புரட்டி விரிப்பை மாற்றினாள். அவர் தலையை ஒரு கையால் தாங்கித் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

அண்ணன் கண்ணைத் திறந்திருந்தார். உதடுகள் அசைந்தன.

"கேட்டியா பாப்பா?" மூச்சு வாங்கியது. "தாத்தா... வச்சிருந்தாராம். எழுதிக்கோ."

எப்போதும் இப்படித்தான் சொல்வார், எழுதிக்கோ என்று. ஒன்பது வருடமாகத் தயாராக இருந்த வாக்கியம் அவள் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அண்ணனின் கண்கள் சந்தோஷத்தில் ஈரமாகி இருந்தன.

"எப்பவோ எழுதிட்டேன்ணா," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். சிறிது நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பார்வை அப்படியே நின்றுவிட்டது. அவள் அவர் இமைகளை மூடினாள்.

அண்ணி ஃப்ளாஸ்க்கோடு திரும்பியபோது, அவள் வலது கையின் கடைசி இரண்டு நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள், சதையில் பட்டுவிடாமல்.