ஈஸ்ட்போர்ன் படங்கள்

சிவகலாவும் ஜெயகௌரியும் தொண்ணூற்றொன்றில் சுவிஸில், டாவோசில் ஒரு ஹோட்டல் குசினியில் ஒன்றாகக் கோப்பை கழுவியவர்கள். இருவருக்கும் ஒரே அறை, குளிருக்கு ஒரே ஒரு நல்ல ஜாக்கெட். வெளியே போகிறவள் அதைப் போட்டுக்கொள்வாள். பிறகு சிவகலா சந்திரகுமாரைக் கல்யாணம் கட்டி, சூரிச்சுக்குப் பக்கத்தில் அட்லிஸ்வில்லுக்கு வந்துவிட்டாள். ஜெயகௌரிக்குக் கூர் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் கதைக்காவிட்டால் இருவருக்கும் அந்த வாரம் முடிந்தது போலவே இராது.

2009 மே மாதம் சந்திரகுமாரின் அக்கா மகளுக்கு லண்டனில் கல்யாணம். அந்த நேரம் வன்னியில் சண்டை கடற்கரையோரம் ஒரு துண்டு நிலத்துக்குள் ஒடுங்கியிருந்தது. ஜெயகௌரியின் தம்பி தவச்செல்வன், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள் எல்லோரும் அதற்குள்தான். போவதா விடுவதா என்று சிவகலா அவளிடமே கேட்டாள்.

“போட்டு வா. நீ இஞ்சை இருந்து என்ன செய்யப்போறாய்?” என்றாள் ஜெயகௌரி.

கல்யாணம் முடிந்தபின் மச்சாள் வீட்டார் அவர்களைக் காரில் ஏற்றித் தெற்குக் கரையோரம் நாலு நாள் சுற்றிக்காட்டினார்கள். டோவர் கோட்டை, ஹேஸ்டிங்ஸில் குன்றின்மேல் இடிந்த மதில்கள், கரையில் இழுத்துவிட்டிருந்த மீன்பிடி வள்ளங்கள், கடைசியாக ஈஸ்ட்போர்ன். சிவகலா கடலைக் கண்டு பதினெட்டு வருடம். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, கூழாங்கல் குத்தக் குத்த இறங்கித் தண்ணீரில் நின்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் மச்சாளின் இளைய மகள் நாற்பத்திமூன்று படங்களையும் சிவகலாவின் ஃபேஸ்புக்கில் ஏற்றிக்கொடுத்தாள். மறுநாள் ஜெயகௌரி அதன்கீழ் எழுதியிருந்தாள்: “வடிவாயிருக்கு. கடைசிப் படத்திலை இருக்கிற கடற்கரை எந்த இடம்?”

திங்கட்கிழமை வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டதென்ற செய்தி வந்தது.

மச்சாள் வீட்டில் எல்லோரும் டிவிக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தார்கள். சிவகலா அறைக்குள் போய் அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். முதல்நாள் சாதாரணமாய்த் தெரிந்த கேள்வி இப்போது அவளைச் சுட்டது. அந்தப் படத்தில் அவள் அலைக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் தம்பி எந்தக் கடற்கரையில் நிற்கிறான், நீ எந்தக் கடற்கரையில் நிற்கிறாய் என்று ஜெயகௌரி கேட்கிறாள் என்றே நினைத்தாள். பதில் எழுதக் கை வரவில்லை. படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். கமெராவில் இருந்தவற்றையும் விடவில்லை.

ஜூன் மாதம் ஒருமுறை கூருக்கு ஃபோன் எடுத்தாள். ஜெயகௌரியின் கணவர் பாலேந்திரன்தான் கதைத்தார். தவச்செல்வனும் மனைவியும் மூத்தவளும் போய்விட்டார்கள், சின்னவள் மட்டும் முகாமில் இருக்கிறாள் என்றார்.

“அவ இப்ப ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை, தங்கச்சி. பிறகு எடுங்கோ.”

சிவகலா பிறகு எடுக்கவில்லை. முதலில் பயமாக இருந்தது. ஒரு வருடம் போனபின், இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது.

ஒன்பது வருடம் கழித்து, அட்லிஸ்வில் முருகன் கோயில் திருவிழாவில் சப்பாத்து கழற்றும் இடத்தில் இருவரும் நேருக்குநேர் கண்டார்கள். ஜெயகௌரியின் தலை முழுக்க நரைத்திருந்தது. பூசை முடிந்ததும் சிவகலா அவளோடு ஸ்டேஷன்வரை நடந்தாள். ரயிலுக்குப் பத்து நிமிடம் இருந்தது; மேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“என்னை ஏன் விட்டிட்டாய்?” என்று ஜெயகௌரி கேட்டாள்.

“உனக்கு முன்னாலை வர முகம் இல்லை, ஜெயா. அந்த நேரத்திலை நான் அந்தப் படங்களைப் போட்டிருக்கக் கூடாது.”

ஜெயகௌரிக்கு நினைவு வரச் சற்று நேரம் எடுத்தது.

“அதையோ சொல்லுறாய்? அந்த ரெண்டு நாளும் என்னாலை டிவி பாக்க ஏலாமல் போச்சு. உன்ரை படங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நீ சிரிச்சுக்கொண்டு நிண்டாய். பிள்ளையள் தப்பி வந்தால் அந்தக் கடற்கரைக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போகோணும் எண்டு நினைச்சன். அதுதான் இடத்தைக் கேட்டனான்.”

சிவகலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“திங்கள் பின்னேரம் திரும்பப் பாக்கப் போனன். ஒண்டும் இல்லை. செத்தவீட்டுக்காரி இனி அழுதுகொண்டு வருவாள் எண்டு நீ என்னை விலத்திப்போட்டாய் எண்டு நினைச்சிட்டன். இவ்வளவு காலமும் உன்னை எவ்வளவு திட்டியிருப்பன் தெரியுமோ?”

ரயில் வந்தது. இருவரும் எழும்பவில்லை. கதவுகள் மூடி, அது போனது.

“ஈஸ்ட்போர்ன்,” என்றாள் சிவகலா. “அந்த இடத்தின்ரை பேர்.”

“படங்கள் இருக்கோ?”

“இல்லை. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன்.”

ஜெயகௌரி அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த ரயில் வரும்வரை அப்படியே இருந்தார்கள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் திரும்பத் தொடங்கியது. முழங்கால் நோ, வேலை, பனி என்று கதைத்தார்கள். கதை சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் கேட்கும். ஒன்பது வருடத்தில் நடந்ததை எங்கிருந்து சொல்லத் தொடங்குவதென்று இருவருக்கும் தெரியவில்லை. வாரம் ஒருமுறை மாதம் ஒருமுறையாகி, பிறகு பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் என்றானது. கோபம் ஒன்றும் இருக்கவில்லை.

தவச்செல்வனின் சின்னவளுக்கு வவுனியாவில் கல்யாணம் நடந்த செய்தியை, நடந்து ஒரு மாதம் கழித்து, கோயிலில் வேறு யாரோ சொல்லித்தான் சிவகலா அறிந்தாள்.